பாட்டி சொன்னது அரையா, ஒன்றரையா?

போன சித்திரை மாதம் எங்கள் வீட்டில் ஒரு ஜாடி ஆவக்காய் ஊறுகாய் பூசணம் பூத்துவிட்டது.

"இதென்ன பிரமாதம்? எங்கள் வீட்டிலும்தான் பூக்கிறது. இதைப் பத்திரிகையில் வேறு எழுத வேண்டுமா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், சகோதரி! அந்த ஊறுகாயைக் கெடுத்தது ஈரக் கையும் அல்ல. நனைந்த கரண்டியும் அல்ல. ஒரு டேப் ரிக்கார்டர்!

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1998-ம் வருஷம் கோடை விடுமுறையில் என் மாமா துபாயிலிருந்து வந்திருந்தார். அவர் பெட்டியிலிருந்து வெளிப்பட்ட சாமான்களில் ஒரு சின்ன டேப் ரிக்கார்டரும் இருந்தது. ஒரு காஸெட்டை வைத்தால் அதற்கு மேல் விரற்கடை இடம்கூட மிச்சமில்லாத அளவு சிறியது. இரண்டு சின்ன பாட்டரி போட்டால் போதும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அதில் ஒரு விசேஷம் இருந்தது. ஒரு ஸ்விச்சைத் தள்ளிவிட்டால், யாராவது பேசும்போது மட்டும் டேப் ஓடும். பேச்சு நின்றால் அதுவும் நின்றுவிடும். மறுபடி வாயைத் திறந்தால் மறுபடி ஓடும். "டேப் வீணாகவே ஆகாது, பார்!" என்று மாமாவுக்கு ஒரே பெருமை.

கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பாட்டியின் பக்கத்தில் அதை வைத்தார். பாட்டி அதைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"ஏண்டா, நான் வாயைத் திறக்கிறேனா திறக்கிறேனான்னு இது பார்த்துண்டே இருக்குமா?"

"ஆமாம் அம்மா. நீ பேசினால் கேட்கும். பேசாவிட்டால் தூங்கும்."

"உன் அப்பாவைவிடத் தேவலை. அவர் நான் பேசினால்தான் தூங்குவார்" என்றாள் பாட்டி. இந்த வரியோடுதான் அந்தக் காஸெட் ஆரம்பமாகிறது.

அன்று மத்தியானம் முழுவதும் பாட்டி பேசினாள். தன் கல்யாணத்தைப் பற்றி, காவேரியில் வந்த வெள்ளத்தைப் பற்றி, ஊறுகாய் போடும் பக்குவத்தைப் பற்றி. 2003-ல் பாட்டி காலமாகிவிட்டாள். காஸெட்டும் ரிக்கார்டரும் அம்மாவின் பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

போன வருஷம் அம்மா ஒரு மாதம் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது பாட்டியின் கைப்பக்குவத்தில் ஊறுகாய் போட்டு வைத்து அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. பீரோவைத் திறந்து, காஸெட்டைப் போட்டு, பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தேன். ஒன்பது ஆழாக்கு மாங்காய்த் துண்டு. ஓர் ஆழாக்கு மிளகாய்ப் பொடி. அதே அளவு கடுகுப் பொடி. அப்புறம் உப்பு. "அரை ஆழாக்கு" என்றாள் பாட்டி. சந்தேகமாகத்தான் இருந்தது. 'கடைசிக் காலத்தில் பாட்டிக்கு ரத்த அழுத்தம் ஆயிற்றே, உப்பைக் குறைத்திருப்பாள்' என்று நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் ஜாடியில் வெள்ளைப் பூசணம்!

அம்மா வந்தாள். ஜாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏண்டி, உப்பைக் கண்ணால் பார்த்துப் போட்டியா, காதால் கேட்டுப் போட்டியா?" என்றாள்.

இருவருமாக உட்கார்ந்து காஸெட்டைக் கேட்டோம். இரண்டு நிமிஷம் போவதற்குள் அம்மாவின் முகம் என்னவோ போல் ஆகிவிட்டது.

"குரல் அம்மா குரல்தான். ஆனால் இது அம்மா பேச்சு இல்லை. அம்மா இப்படி ஓட ஓடப் பேசவே மாட்டாள். ஒண்ணு சொல்லுவாள், யோசிப்பாள், வெற்றிலையை மடிப்பாள், அப்புறம்தான் அடுத்தது வரும்" என்றாள்.

உப்பு வரும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். 'அரை'க்கு முன்னால் 'கீச்' என்று மிகச் சின்ன ஒரு சத்தம். அம்மா சட்டென்று சொன்னாள்: "ஒண்ணரை! ஆறுக்கு ஒண்ணு உப்பு. ஒன்பதுக்கு ஒண்ணரை. 'ஒண்'ணை உன் மிஷின் முழுங்கிடுத்து!"

காது உண்டு, பொறுமை இல்லை

யந்திரம் ஏன் 'ஒண்'ணை விழுங்கியது? விஷயம் வெகு சுலபம்.

குரலைக் கேட்டு ஓடும் ரிக்கார்டரில் மைக் மட்டும் எப்போதும் விழித்துக்கொண்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் மின்சுற்று மோட்டாருக்கு 'ஓடு!' என்று உத்தரவு கொடுக்கும். சத்தம் அடங்கிச் சில விநாடிகள் ஆனதும் 'நில்!' என்று சொல்லும். சில ஜப்பானியக் கருவிகளில் இந்த ஸ்விச்சின் மேல் 'வி.ஓ.ஆர்.' என்று மூன்று எழுத்துக்கள் போட்டிருக்கும். 'குரலால் இயங்கும் பதிவு' என்பதன் சுருக்கம் அது.

ஆனால் நின்றுகொண்டிருக்கிற மோட்டார், உத்தரவு கிடைத்த அந்தக் கணமே முழு வேகத்தில் ஓடிவிடுமா? தூங்குகிற பிள்ளையை எழுப்பினால் உடனே எழுந்து பள்ளிக்கூடம் போய்விடுகிறானா? அது போலத்தான். மோட்டார் வேகம் எடுப்பதற்குள் முதல் எழுத்து போய்விடுகிறது. மெதுவாக ஓடும்போது பதிந்த கொஞ்சநஞ்சமும், பிறகு சரியான வேகத்தில் கேட்கும்போது 'கீச்' என்று ஒலிக்கிறது.

பாட்டி என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? "உப்பு..." என்று சொல்லிவிட்டு யோசித்திருக்கிறாள். அந்த மௌனத்தில் டேப் நின்றுவிட்டது. "ஒண்ணரை" என்று அவள் ஆரம்பித்த பிறகுதான் அது விழித்துக்கொண்டது. பாட்டி யோசித்துச் சொன்ன சொற்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எது முக்கியமோ அதைத்தானே மனிதர்கள் யோசித்துச் சொல்வார்கள்? யந்திரம் அதைத்தான் கடித்துத் தின்றது!

எனவே, சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். டேப்பை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் அந்த ஸ்விச்சைப் போடுங்கள். மனிதரை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் அதை அணைத்துவிடுங்கள்!

மரக்கட்டையில் பிறந்த காஸெட்

இந்தச் சின்னப் பெட்டியின் பூர்வோத்தரத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

காந்த சக்தியால் குரலைப் பிடித்து வைக்கலாம் என்று செய்து காட்டியவர் டென்மார்க் தேசத்து வால்டெமார் பௌல்ஸன். 1898-ல் அவர் உபயோகித்தது டேப் அல்ல, எஃகுக் கம்பி! அதைப் பார்த்த ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் ஜோசப் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அந்தக் குரல் இன்றும் கம்பியில் இருக்கிறது. 1928-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்பவர் காகித நாடாவில் இரும்புத் தூளைப் பூசி முதல் டேப்பைச் செய்தார். 1935-ல் பெர்லின் கண்காட்சியில் 'மாக்னெட்டோஃபோன்' என்ற டேப் ரிக்கார்டர் வெளிவந்தது. அதைத் தூக்க ஆள் வேண்டும்.

சட்டைப் பைக்கு அதைக் கொண்டுவந்த பெருமை ஃபிலிப்ஸ் கம்பெனியின் எஞ்சினீயர் லூ ஓட்டன்ஸைச் சேரும். பெல்ஜியத்தில் ஹாஸெல்ட் நகரத்துத் தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்தார். தம் கோட்டுப் பையில் அடங்குகிற அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிக்கொண்டு, "ரிக்கார்டர் இந்தக் கட்டையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது" என்று தீர்மானித்துக்கொண்டார். 1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காஸெட் பிறந்தது. அந்தச் சரித்திரப் பிரசித்தி பெற்ற மரக்கட்டை என்ன ஆயிற்று? கார் டயர் பஞ்சர் ஆனபோது ஜாக்கிக்கு முட்டுக் கொடுத்து, அங்கேயே தொலைந்து போயிற்று! ஓட்டன்ஸ் 2021-ல் காலமானார். 1969-ல் ஜப்பானின் ஒலிம்பஸ் கம்பெனி இன்னும் சிறிய மைக்ரோகாஸெட்டைக் கொண்டுவந்தது. காரியதரிசிகளும் நிருபர்களும் டாக்டர்களும் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

நம் வீடுகளுக்கு இவை வந்த வழி வேறு. 1970-களிலும் 80-களிலும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் வரும்போது கொண்டுவந்தார்கள். கடிதம் எழுதத் தெரியாத தாயாரும், எழுதப் பொறுமையில்லாத பிள்ளையும் காஸெட்டிலேயே பேசி அனுப்பிக்கொண்டார்கள். டெலிபோனில் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பணம் கணக்குப் பார்த்த காலம் அது. அப்படி வந்த காஸெட் ஒன்று உங்கள் வீட்டுப் பீரோவிலும் இருக்கலாம். தேடிப் பாருங்கள்.

வெள்ளை மாளிகையில் ஒரு பொத்தான்

ஸ்விச்சைப் போட்டுவிட்டு மறந்துபோவதால் வரும் சங்கடத்துக்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்று உண்டு.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரிச்சர்ட் நிக்ஸன், 1971 பிப்ரவரியில் தம் அலுவலக அறையில் குரலைக் கேட்டு ஓடும் ரிக்கார்டர்களை வைக்கச் செய்தார். பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. யார் பேசினாலும் பதிவாகும். வந்து பேசியவர்களில் அநேகருக்கு அது தெரியாது. 1973 ஜூலையில் அவருடைய பழைய உதவியாளர் ஒருவர் செனட் கமிட்டியின் முன்னால் இந்த ரகசியத்தைச் சொல்லிவிட்டார். 1974 ஆகஸ்டில் ஜனாதிபதி ராஜிநாமாச் செய்தார். சுமார் 3,700 மணி நேரப் பேச்சு இன்று அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மெல்லிய டேப், மெதுவான வேகம். எழுத்தில் பெயர்த்த பிரதியில் பல இடங்களில் 'புரியவில்லை, புரியவில்லை' என்றே போட்டிருக்கிறார்கள்.

அதில் 1972 ஜூன் 20-ம் தேதி டேப் ஒன்றில் பதினெட்டரை நிமிஷம் வெறும் ரீங்காரம். ஜனாதிபதியின் காரியதரிசி ரோஸ் மேரி உட்ஸ் ஒரு விளக்கம் சொன்னார்: "டேப்பைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது டெலிபோன் வந்தது; நிறுத்துவதற்குப் பதிலாகப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டேன் போலிருக்கிறது; சுமார் ஐந்து நிமிஷம் அப்படி அழிந்திருக்கலாம்." மீதியை யார் அழித்தார்கள் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

நமக்கு இதில் இரண்டு பாடம். ஒன்று, எதிரே இருப்பவரிடம் சொல்லாமல் பதிவு செய்யாதீர்கள். நாத்தனார் பேசியதற்கு அத்தாட்சி பிடித்துவைத்து எந்தக் குடும்பமும் க்ஷேமப்பட்டதில்லை! இரண்டு, பதிவுப் பொத்தான் பொல்லாதது. ஒரு விநாடி கை தவறினால் பாட்டி போய்விடுவாள்.

பதிவு செய்யும்போது

உங்களிடம் இப்படி ஒரு ரிக்கார்டர் இருந்து, அது இன்னும் ஓடுகிறது என்றால், சில வழிகளைக் கவனியுங்கள்.

சமையல் குறிப்பை நீங்களே சொல்லிவைக்கவும், மறுநாள் செய்ய வேண்டிய வேலைகளை நினைவுக்குச் சொல்லிக்கொள்ளவும் குரல் ஸ்விச் வெகு சௌகரியம். கையில் மாவு இருந்தாலும் காரியம் நடக்கும். ஆனால் முதலில் "சரி" என்றோ "ம்ம்" என்றோ ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் பிறகு பேசுங்கள். யந்திரம் தின்ன வேண்டியதை அது தின்னட்டும்!

ஸ்விச்சின் பக்கத்தில் கூடுதல், குறைவு என்று கிரகிப்பு அளவு இருந்தால், வாயருகே வைத்துப் பேசும்போது குறைவாகவும், நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது கூடுதலாகவும் வையுங்கள். தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தால் யந்திரம் அதையும் பேச்சு என்று எண்ணிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். குக்கர் விசில், தெருவில் போகும் ஆட்டோ, எல்லாம் அதற்கு ஒன்றுதான். ரிக்கார்டரை மேஜையின் மேல் அப்படியே வைக்காமல் நாலாக மடித்த துண்டின் மேல் வையுங்கள். அதன் மோட்டார் உறுமுவது அதன் மைக்கிலேயே விழாமல் இருக்கும்.

காஸெட்டின் ஆரம்பத்தில் சில விநாடிகளுக்குப் பதிவே ஆகாத வெற்று நாடா உண்டு. அது ஓடி முடிந்த பிறகு பேச ஆரம்பியுங்கள். அறுபது நிமிஷக் காஸெட்டே நல்லது. நூற்றிருபது நிமிஷக் காஸெட்டில் டேப் மிக மெல்லியதாக இருக்கும்; சிக்கிக்கொண்டு இழுபடும்.

பாட்டரி இறங்கிப்போன நிலையில் பதிவு செய்யாதீர்கள். மோட்டார் மெதுவாக ஓடும். பிறகு புது பாட்டரி போட்டுக் கேட்டால் தாத்தாவின் கம்பீரக் குரல் எலிக்குஞ்சின் குரல் போல் கேட்கும்!

பெரியவர்கள் பேசும்போது குரல் ஸ்விச்சை அணைத்துவிடுங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். அவர்கள் யோசிக்கட்டும். இருமட்டும். பேச்சின் நடுவே காக்கையை விரட்டட்டும். எல்லாம் பதிவாகட்டும். அறுபது நிமிஷக் காஸெட்டின் ஒரு பக்கம் அரை மணி. அதை மிச்சம் பிடித்து நாம் என்ன கோட்டையா கட்டப் போகிறோம்?

பராமரிக்கும் முறை

குரல் ஸ்விச் போட்டபடியே ரிக்கார்டரைப் பீரோவில் வைக்காதீர்கள். டேப் ஓடாவிட்டாலும் மைக் விழித்திருப்பதால் பாட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். அதோடு, டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை, உலோகக் கம்பியின் மேல் அழுந்திக்கொண்டே நிற்கும். நாளடைவில் அதில் ஒரு பள்ளம் விழுந்து, பேச்சு 'திக், திக்' என்று தடுமாறும். வேலை முடிந்ததும் நிறுத்துப் பொத்தானை அழுத்திவிடுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் உபயோகிக்கப் போவதில்லை என்றால் பாட்டரியை வெளியே எடுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து தகடுகளை அரித்துவிடும். அல்கலைன் பாட்டரியிலிருந்து கசிந்த வெள்ளைத் தூளை வெறும் கையால் தொட வேண்டாம். பஞ்சுக் குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

டேப் படுகிற பளபளப்பான உலோகப் பாகத்துக்குத் 'தலை' என்று பெயர். டேப்பிலிருந்து உதிரும் பழுப்புத் தூள் அதில் படிந்தால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல் மங்கிவிடும். மருந்துக் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். பஞ்சுக் குச்சியில் அதைத் தொட்டு மெல்லத் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு அது வேண்டாம். தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியே போதும். கத்தி, ஊசி, கொண்டை ஊசி எதுவும் தலையின் கிட்டே வரக் கூடாது. உங்கள் தலையில் கொண்டை ஊசி இருக்கலாம். அதன் தலையில் கூடாது!

காஸெட்டை நிமிர்த்தி, பெட்டிக்குள் வைத்து, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஸ்பீக்கரின் மேல் வைக்காதீர்கள்; அதற்குள் காந்தம் இருக்கிறது. வெயிலில் நிற்கிற காரில் விட்டுவிட்டு வராதீர்கள்.

பழைய காஸெட்டை எடுக்கும்போது

பல வருஷம் கழித்துப் பீரோவிலிருந்து காஸெட்டை எடுக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

முதல் காரியம்: காஸெட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு பதிவுப் பொத்தான் அழுந்தாது. ரோஸ் மேரி உட்ஸுக்கு வந்த சங்கடம் உங்களுக்கு வராது.

இரண்டாவது: கண்ணாடி வழியாகப் பாருங்கள். டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறதா? ஊறுகாயில் பூத்தது போன்ற பூசணமாக இருக்கலாம். நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றுக்கு இது சகஜம். அப்படியே ஓடவிட்டால் ரிக்கார்டரின் தலையிலும் ஒட்டி, அடுத்த காஸெட்டுக்கும் பரவும். அதைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும்.

மூன்றாவது: பாட்டியின் காஸெட்டை முதலில் போடாதீர்கள். வேண்டாத காஸெட் ஒன்றைப் போட்டு ரிக்கார்டரைப் பரீட்சை செய்யுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் வருஷக்கணக்கில் தொய்ந்துபோயிருக்கும். சில சமயம் பிசினாக இளகியும் இருக்கும். அந்த நிலையில் டேப்பை மென்று துப்பிவிடும். பழைய ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்துப் பெல்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள். டேப் தளர்ந்திருந்தால் ஒரு பென்சிலைச் சக்கரத்துக்குள் விட்டுச் சுற்றி இறுக்குங்கள். இந்த வித்தையை உங்கள் அம்மாவே சொல்லிக்கொடுப்பாள்!

இன்றே செய்ய வேண்டிய காரியம்

காஸெட் சிரஞ்சீவி அல்ல. ஆகையால் நன்றாக ஓடும்போதே அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட வேண்டும். ரிக்கார்டரில் காதில் மாட்டும் கருவிக்கான துவாரம் இருக்கிறதல்லவா? அதிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரின் ஒலி உள்வாங்கும் துவாரத்தில் செருகுங்கள். லாப்டாப்பில் அது இல்லாவிட்டால் யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன இணைப்பு கடையில் கிடைக்கும். 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளைத் திறந்துகொண்டு, ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். சுருக்காத 'வேவ்' கோப்பாக, ஒற்றைத் தடத்தில் சேமித்தால் அரை மணிக்குச் சுமார் 160 எம்.பி. ஆகும். இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வையுங்கள். யார் பேசியது, எந்த ஊர், எந்த வருஷம் என்று பெயரிலேயே எழுதுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப் பிரதியில் கை வைக்காதீர்கள். அழகு பார்ப்பதெல்லாம் இன்னொரு பிரதியில் செய்துகொள்ளலாம். காஸெட்டையும் எறிந்துவிட வேண்டாம்.

"இதெல்லாம் எதற்கு? செல்போனிலேயே பதிவு செய்துவிடலாமே!" என்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இன்றைய டிஜிட்டல் ரிக்கார்டர்கள் பலவற்றிலும் குரலைக் கேட்டு ஓடும் வசதி இருக்கிறது. அதுவும் அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். யந்திரம் மாறினாலும் மௌனத்தை வீண் என்று நினைக்கிற அதன் சுபாவம் மாறவில்லை!

எங்கள் வீட்டுக் காஸெட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியாகிவிட்டது. ஆனால் பாட்டியின் மௌனங்களை எந்த ரிப்பேர்க்காரராலும் திருப்பித் தர முடியாது. அவை பதிவாகவே இல்லை.

இந்தச் சித்திரையில் மறுபடி ஆவக்காய் போட்டோம். இம்முறை அம்மா சொன்னாள். நான் பதிவு செய்தேன். மாமாவின் அதே ரிக்கார்டர்தான். பெல்ட் மட்டும் புதிது. குரல் ஸ்விச்சை அணைத்து, அது நகராதபடி மேலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன்.

ஊறுகாய் இதுவரை நன்றாக இருக்கிறது. நேற்று அந்தக் காஸெட்டைக் கேட்டேன். "உப்பு எவ்வளவும்மா?" என்று நான் கேட்கிறேன். பதில் இல்லை. வாசலில் கீரைக்காரியின் குரல் வருகிறது. எங்கோ ஒரு காக்கை கத்துகிறது. மாங்காயைத் துடைக்கிற துணியின் சத்தம் கேட்கிறது. எண்ணிப் பார்த்தேன், முழுசாகப் பதினொரு விநாடி. அதற்கப்புறம் அம்மா நிதானமாகச் சொல்கிறாள்:

"ஒண்ணரை."